லைஃப் சர்டிபிகேட்டுக்கு வருகிறவள்

சாந்தோம்,
நவம்பர் 20.

அன்புள்ள ஜெயலக்ஷ்மிக்கு,

அல்போன்சா எழுதுவது. இங்கே நானும் பிலிப்பும் சுகம். நீ டொரான்டோவில் உயிரோடு இருப்பதாக அரசாங்கமே திங்கட்கிழமை ஒப்புக்கொண்டுவிட்டதால், உன் சுகத்தை நான் தனியாக விசாரிக்கவில்லை. உன் பிள்ளை பிரணவும் மருமகளும் குழந்தையும் நன்றாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய். பக்கத்தில் உன் புதுச் சிநேகிதி சிம்ரா உட்கார்ந்திருக்கிறாள். நான் இருமினால் உனக்கு முன்னால் அவள் 'டேக் கேர்' என்கிறாள். ஹைதராபாத்காரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. மயிலாப்பூர் தபாலாபீஸில் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் எடை போட்டோம். நமக்குள் ஒரு கடிதம்கூடப் போட்டுக்கொண்டதில்லை, பார்.

பென்ஷனுக்காக உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வர இந்த வருஷம் நான் பாங்குக்குத் தனியாகப் போனேன். வீட்டிலேயே போனில் முகத்தைக் காட்டினால் லைஃப் சர்டிபிகேட் வேலை முடிந்தது, வெயிலில் எதற்கு அலைகிறாய் என்று பிலிப் தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் காதில் வாங்கவில்லை. லஸ்ஸில் ஆட்டோவை விட்டு இறங்கினால் பாங்கு வாசல் வெறிச்சோடிக் கிடக்கிறது. நவம்பர் மாதத்தில் அந்த வாசல் எப்படி இருக்கும்! குடையும் தைல வாசனையுமாக அத்தனை பென்ஷன்காரர்களும் நின்றுகொண்டு, இன்னும் இருக்கிறீரா சார் என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு, இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நாம் இருவரும் காபி குடிக்க நழுவி... ஒன்றும் இல்லை. நாற்காலிகள் எல்லாம் காலி.

உள்ளே ஸ்ரீரஞ்சனி என்று ஒரு சின்னப் பெண். இதற்காகவா வந்தீர்கள் என்று என்மேல் பரிதாபப்பட்டாள். வருஷா வருஷம் கூட ஒரு சிநேகிதி வருவாள், இந்த வருஷம் வரவில்லை என்றேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு, 'சாரிம்மா' என்றாள். நான் திருத்தவில்லை. உன்மேல் அவ்வளவு ஆத்திரம்.

இந்தப் புது ஏற்பாட்டை வாய் நிறையத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நம் சூப்பர்வைசர் சங்கரன் சாருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது உனக்குத் தெரியும். போன வருஷம் வரை அடையாறிலிருந்து அவரை ஆட்டோவில் மூட்டை மாதிரி ஏற்றி இறக்கிக் கொண்டுவருவார்கள். பாங்கு அதிகாரி வாசலுக்கு வந்து ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். இந்தத் தடவை தபால்காரரே வீட்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று போனைக் காட்டி, கண்ணை மூடித் திறக்கச் சொல்லி, ஐந்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தாராம். அவர் மனைவி விசாலாக்ஷி சொல்லும்போதே அழுதுவிட்டார். சாருக்குச் சவரம் செய்து புதுச்சட்டை போட்டு உட்கார வைத்திருந்தாராம். அதைக் கேட்ட பிறகு என்ன குறை சொல்ல முடியும்? எல்லோருக்கும் நல்லதுதான். எனக்கு மட்டும்தான் வயிற்றெரிச்சல்.

வயிற்றெரிச்சல் என்று ஆரம்பித்துவிட்டதால் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ரம்ஜானுக்கு சிம்ரா வீட்டில் சேமியா பாயசம் சாப்பிட்டேன், கரண்டி கரண்டியாக வாங்கிச் சாப்பிட்டேன் என்று போனில் சொன்னாயே, என்னிடம் சொல்கிறோம் என்று உனக்கு ஒரு நிமிஷம் யோசனை வரவில்லையா? இத்தனை வருஷத்தில் என் வீட்டில் நீ வாழைப்பழத்தைத் தாண்டியதில்லை. கிறிஸ்துமஸ் கேக்கை உனக்காகவே முட்டை போடாமல் தனியாகச் செய்வேன். பிரணவுக்குப் பிடிக்கும் என்று டப்பாவில் போட்டுக்கொண்டு போவாய். உங்கள் ஆத்துப் பழக்கம் என்று நானும் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. கடல் தாண்டிப் போனதும் அந்தப் பழக்கம் எங்கே போயிற்று? நேற்று வந்தவள் சமையலறைக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டாய். அவளோடு வாக்கிங், அவளோடு டாக்டர், அவள் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டர் உனக்கு எடுப்பாகவே இல்லை, சொல்லிவிட்டேன்.

அடுத்து அந்த நம்பர் விஷயம். இங்கத்திய சிம்மை நீ விட்டபோது பென்ஷனுக்கு என் போன் நம்பரைத்தான் கொடுத்துவிட்டுப் போனாய். அதனால் அங்கே உன் லைஃப் சர்டிபிகேட்டுக்காக சிம்ரா போனில் பட்டனை அமுக்கினால் ஓ.டி.பி. இங்கே எனக்கு வருகிறது. அதை நான் வாசித்துச் சொன்னால்தான் மேற்கொண்டு உன் முகத்தையே அது பார்க்கும். முதல் தடவை நான் காலைப் பூசையில் இருந்தேன், நிஜமாகவே கவனிக்கவில்லை. இரண்டாவது தடவை போன் என் கையில்தான் இருந்தது. நீ லைனில் இருந்தாய். பின்னால் அவள், 'ஜெயா ஜீ, கண்ணாடியைக் கழற்றுங்கள், முடியை ஒதுக்குங்கள்' என்று இங்கிலீஷில் கொஞ்சிக்கொண்டிருந்தாள். நம்பர் வந்தது. வரவில்லை என்று சொன்னேன். நேரம் தாண்டி அது செல்லாமல் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இட்லி அடிப்பிடித்துவிட்டது. திட்டுவதானால் திட்டு. இந்த மாதம் முடியும்வரை அந்த நம்பர் கிடைக்காவிட்டால் நீ வந்துதானே ஆகவேண்டும்?

பிலிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கோவம் யார் மேல? கவர்மென்ட் மேலயா, அந்தம்மா மேலயா?" என்றார். இரண்டு பேர் மேலும் இல்லை, ஜெயா மேல்தான் என்றேன். சிரித்தார். அவருக்கென்ன, அவருடைய கூட்டாளிகள் எல்லோரும் பட்டினப்பாக்கத்தைத் தாண்டவில்லை.

உன் வீட்டுச் சாவி என்னிடம் இருப்பதை மறந்துவிட்டாயா? அக்டோபரிலேயே சித்திரக்குளத்துக்குப் போய் வீட்டைத் திறந்தேன். துருத்தண்ணீர் போகும்வரை குழாயைத் திறந்துவிட்டேன். மெத்தையை மொட்டைமாடியில் காயப்போட்டேன். கேஸ் பதிவு செய்தேன். நவம்பரில் நீ வருவதற்கு முன்னால் வருஷா வருஷம் செய்வதுதானே என்று உன்னிடம் சொல்லாமலே செய்தேன். அதற்கடுத்த வாரம்தான் இந்த சிம்ரா ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னாய்.

திங்கட்கிழமை மூன்றாவது தடவை கூப்பிட்டாய். அன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்ல இருந்தேன். நீ ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பென்ஷன் நின்னுடுத்துன்னா பிரணவ் கையை எதிர்பார்த்துண்டு உக்காரணும்டி, அது ஒண்ணுதான் நேக்கு பயம்" என்றாய். அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஆறு நம்பரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீ எழுதிக்கொண்டாயா என்று இரண்டு தடவை கேட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் அவள் கை தட்டுவது கேட்டது.

நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? அப்பாடா, இனிமேல் அலைய வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று பிரணவ் சொல்கிறான் என்றாய். சந்தோஷமாகச் சொன்னாய். நானும் நல்லதாயிற்று என்றுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிலிப்பே டீ போட்டுக் கொடுத்தார்.

வாடகைக்கு ஆள் பார்க்கச் சொன்னாய். பார்க்க மாட்டேன். வேறு யாரையாவது வைத்துப் பார்த்துக்கொள். அதற்கும் சிம்ரா இருக்கிறாளே.

அந்தம்மாவின் மேல் எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று எழுத வேண்டும். இப்போதைக்கு எழுத முடியவில்லை. உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்பது மட்டும் தெரிகிறது. பனியில் வழுக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டே நட. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். கபாலியும் ஒரு கண் வைத்துக்கொள்ளட்டும்.

எனக்கும் எழுபது நெருங்குகிறது, ஜெயா. முட்டியும் சரியில்லை, கண்ணில் புரையும் விழுந்திருக்கிறது. அடுத்த மாதமோ தை பிறந்தோ ஒரு தடவை வா. டிக்கெட்டுக்கு என்ன காரணம் சொல்வது என்று யோசிக்காதே. பென்ஷனுக்காகப் போகிறேன், பென்ஷனுக்காகப் போகிறேன் என்று இத்தனை வருஷம் பிரணவிடம் சொன்னாய். ஒரே ஒரு தடவை, அல்போன்சாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிப் பாரேன்.

உன்,
அல்போன்சா