பச்சைப் பொட்டலமும் கண்ணாடி முகப்பும்

அம்மாவுக்குப் பெய்-ஜுன் வணக்கத்துடன் எழுதுவது.

உன் முட்டிவலி தேவலையா? அப்பா மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? இங்கே சீனாவில், டோங்குவானில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் ஆறவில்லை.

கணினிப் பெட்டிக்கு முன்பக்கம் முழுக்கச் சல்லடைத் தகடு வைத்து வரைந்திருந்தேன். முதலாளி லியாவ், நம் தைவான்காரர்தான், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, "கண்ணாடி வை, உள்ள கலர் கலரா லைட்டு எரியணும். காத்து யாரு கண்ணுக்குத் தெரியுது?" என்றார். வேறு வழியின்றிக் காற்றுத் துளைகளையெல்லாம் மேல்மூடிக்கு மாற்றினேன்.

நேற்று வெளிநாட்டு வியாபாரிகள் பார்க்க வந்தார்கள். இயந்திரம் சொன்ன பேச்சு கேட்க நம் ஊரில் மேலே வைப்போமே, நீ அனுப்பிய அந்தப் பச்சைச் சோளப்பொரிப் பொட்டலம், அதை என் மேசையிலிருந்து எடுத்து நேராகத் துளைகள் மேல் வைத்தார் முதலாளி. பெட்டி கொதித்து அணைந்தது.

"பொட்டலத்தை எடுங்க சார், அதுக்கு மூச்சு முட்டுது" என்றேன்.

"வாயை மூடும்மா! உன் டிசைன்தான் விளங்காதது" என்று எல்லோர் முன்னும் கத்தினார்.

இன்று காலை அதே பொட்டலத்தை என் மேசையில் வைத்து, "இனி நீயும் சொன்ன பேச்சு கேப்பே" என்று சிரித்தார்.

வைத்த பொட்டலத்தைத் தின்னக் கூடாது என்பாய். அவர் கண்ணெதிரிலேயே கிழித்து, ஒரு பொரி விடாமல் தின்றேன். நம் வீட்டில் போலப் பங்கு கேட்கத்தான் ஆளில்லை.

வேலை மணி அடிக்கிறது. இன்னும் நாலு பொட்டலம் அனுப்பம்மா. எல்லாம் எனக்குத் தின்ன.

பெய்-ஜுன்