மேலே மஞ்சள், அடியில் கருநீலம்

இஸ்திரிப் பெட்டியை இறக்கைக்குப் போர்த்தும் ஃபிலிம் மேல் வைத்ததும் அந்த வாசம் எழுந்தது. பிளாஸ்டிக்கும் பசையும் சேர்ந்து சூடாகிற வாசம். உடனே பின்னால் திரும்பிப் பார்த்தேன். இந்த வாசம் வந்தால் என் தோள் பக்கம் நின்று குறை சொல்ல நீ வந்துவிடுவாய். இப்போது யாரும் இல்லை. மேஜை மேல் நீ செய்த ரிமோட் விமானம் மட்டும் தோலுரிந்து கிடந்தது.

உன் மகள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். அதற்கு முன்னால் அப்பாவின் விமானம் பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "ஒரு தரம் வுட்டுக் காட்டுங்கண்ணா" என்றாள் உன் மனைவி. நீ போய்ச் சேர்ந்த பிறகு பரண் மேலேயே கிடந்ததில் பழைய ஃபிலிம் நொறுங்கிப்போயிருந்தது, புதிதாக ஒட்டாமல் பறக்காது. நீ செய்ததில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் பறக்கவிட்டு நீயே உடைத்துவிட்டாய். இதை நான் உடைத்தால் உன் கைவேலை என்று சொல்ல அந்த வீட்டில் எதுவும் இருக்காது.

நமக்குள் இருந்த சண்டை உனக்கு மறந்திருக்காது. கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்ததும் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் வறண்ட ஏரிக்குப் போவோம். உன் விமானங்கள் எல்லாவற்றிலும் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற சிவப்பு ஃபிலிம்தான். "எலும்பு தெரியணும்டா. மூடி வெக்கறதுக்கோசரமா இவ்ளோ நுணுக்கமா அறுத்தேன்?" என்பாய். வெயில் ஊடுருவினால் மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே நிறமாகத் தெரியும், ஒளி புகாத ஃபிலிம் போட்டு இரண்டு பக்கத்துக்கும் இரண்டு நிறம் கொடு என்று நான் தலைபாடாக அடித்துக்கொள்வேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு சாயங்காலம் விமானம் சூரியனுக்கு நேராகப் போனது. அது மல்லாந்துவிட்டதை நீ கவனிக்கவில்லை. மேலே ஏற்றுவதாக நினைத்து ரிமோட் குச்சியை இழுத்தாய். நேராகக் கேழ்வரகுக் காட்டுக்குள் இறங்கியது. உரச்சாக்கில் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே "காத்து தள்ளிடுச்சு" என்றாய். "காத்து இல்ல, கலரு" என்றேன். அதற்காக ஒரு வாரம் கேன்டீனில் வேறு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நீ. வீம்புக்கென்றே பிறந்தவன்.

பெங்களூர்க் கடையில் உன் சிவப்பும் இருந்தது. கை முதலில் அதைத்தான் தொட்டது. கெட்டி என்று கடைக்காரர் கொடுத்த முதல் மஞ்சளைச் செல்போன் வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் என் விரல்கள் தெரிந்தன. "பேடப்பா, இது வேணாம், இன்னும் கெட்டியா கொடு" என்று சுருள் சுருளாகப் பிரிக்க வைத்தேன். கடைசியில் துளி வெளிச்சமும் விடாத மஞ்சள் ஒன்றும், கருநீலம் ஒன்றும் கிடைத்தன.

ஒட்டுவதற்கு முன் உன் மனைவி வந்து பார்த்தாள். நீ இழைத்த மெல்லிய குறுக்குச் சட்டங்கள் மேல் விரலை ஓட்டினாள்.

"இதெல்லாம் மறைஞ்சிடுமாண்ணா?"

"நீ சொன்னா அவன் போட்ட செவப்பையே போட்டுர்றேன்மா."

சட்டத்திலிருந்து விரலை எடுத்தாள். "வேணாண்ணா. உள்ள அவரு கை இருக்குதுன்னு எனக்குத் தெரியும். இது திரும்பி வரணும், அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை அதே ஏரி. அம்மாவும் மகளும் வேலமரத்தடியில் நின்றார்கள். என் கண்ணும் முன்னைப் போல இல்லை. தலைக்கு மேலே கருநீல வயிற்றைக் காட்டிக்கொண்டு அழகாகத்தான் போனது. திடீரென்று பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தது. வெயிலில் கண் கூசியது. என் கை அனிச்சையாக இழுக்கப் போனது, நீ இழுத்த மாதிரியே. அப்போது மஞ்சள் தெரிந்தது. முதுகு தரையைப் பார்க்கிறது, மல்லாந்துவிட்டது! இழுக்காமல் பக்கவாட்டில் புரட்டினேன். மரத்தடியில் மகள் "அம்மா!" என்று கத்தியது கேட்டது. மறுபடி கருநீலம் வரும்வரை நான் மூச்சு விடவில்லை.

முரட்டுத்தனமாகத்தான் இறங்கியது, முன்விசிறி உடைந்தது. இறக்கையில் ஒரு கீறலும் இல்லை. உன் மகள் ஓடிப்போய் அதை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். உன் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இத்தனை வருடச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். "பாத்தியாடா?" என்று கேட்க இடதுபக்கம் திரும்பினேன். நீ எப்போதும் நிற்கிற பக்கம். வாய் திறந்தபடியே இருந்தது. கேட்காத அந்தக் கேள்வியோடுதான் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.