ஊறப்போட்ட படகு

பிப்ரவரி 3

கேப்டன் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் நலம்தான் எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனில் கேட்டால் காற்று அடிக்கிறது, காது கேட்கவில்லை என்கிறீர்கள். காகிதத்தில் காற்று அடிக்காது என்பதால் எழுதுகிறேன்.

நேற்று ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலை முடிந்து வந்தால் கதவிடுக்கில் துறைமுக அலுவலகத்தின் நோட்டீஸ். என் பெயரில் பதிவான மரப்படகு கரையோரம் மூழ்கிக் கிடக்கிறதாம். ஒரு மாதத்துக்குள் உரிமையாளராகிய நான் அதை அப்புறப்படுத்த வேண்டுமாம். இல்லையென்றால் கைவிடப்பட்ட படகு என்று முடிவு கட்டி, கிரேன் வைத்து உடைத்து எடுத்துவிட்டு, என் மேல் வழக்குப் போடுவார்களாம்.

எனக்கு நிலையான வேலை இருக்கிறது என்று படகை என் பெயரில் பதிந்தீர்கள். நான் அதில் ஏறியதே இரண்டு மூன்று தடவைதான், ஏறியபோதெல்லாம் வாந்தி. அது போகட்டும். கரையில் ஏற்றி வைத்திருந்த படகு எப்படித் தண்ணீருக்குள் போனது? காலாற நடந்து போனதா?

படகை வாங்க ஆள் கிடைத்துவிட்டார், விற்றதும் கிளம்பிவிடுகிறேன் என்று சொன்னீர்களே. இங்கே ஆஸ்பத்திரி இன்ஜினியர் ஜெனரேட்டர் அறை வேலையை மார்ச் முடியும்வரை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் எப்போது வருகிறார் என்று கேட்கிறார். சிரித்துச் சமாளித்து எனக்கு வாய் வலிக்கிறது. சமையலறைக் குழாய் வேறு சொட்டிக்கொண்டே இருக்கிறது.

இப்படிக்கு,
திடீரென்று கப்பல் முதலாளி ஆகிவிட்ட
உங்கள் வக்கீலம்மா


பிப்ரவரி 11

என் அன்பு வக்கீலம்மாவுக்கு,

கேள்வி மேல் கேள்வி கேட்கிறாய் என்றுதானே உனக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்தேன், பதறாதே. படகு மூழ்கவில்லை. நான்தான் மூழ்க வைத்திருக்கிறேன்.

சிரிக்காமல் கேள். நான் இன்ஜின் பட்டறைக்கு வேலைக்குப் போனதிலிருந்து படகு கரையில்தானே கிடந்தது? வெயிலில் காய்ந்து, பலகை இடுக்குகளில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். அப்படியே தண்ணீரில் இறக்கினால் சல்லடைதான். அதனால் ஆழமில்லாத இடத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய், அடியில் இருக்கிற தக்கையைப் பிடுங்கி, மணல் மூட்டை ஏற்றி உட்கார வைத்துவிட்டேன். மரம் தண்ணீரைக் குடித்துப் பருத்து, இடுக்கு தானாக அடைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்துத் தக்கையை அடித்து இறைத்தால் எழுந்து நிற்கும். துணி ஊறப்போடுகிற மாதிரிதான், சலவைக்காரிக்கு நான் சொல்ல வேண்டுமா?

இங்கே எல்லாரும் செய்வதுதான். அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி படகின் மூக்கு மட்டும் வெளியே தெரிவதைப் பார்த்துவிட்டு நோட்டீஸ் எழுதியிருக்கிறார். ஊறிக்கொண்டிருக்கிறது என்று நீ ஒரு வரி எழுதிப் போடு. பத்து நாளில் தூக்கிவிடுவேன்.

குழாயில் யாரையும் கைவைக்க விடாதே. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் கேப்டன்


பிப்ரவரி 19

கேப்டன் அவர்களுக்கு,

எழுதுவதற்கு முன்னால் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த குமாஸ்தா நல்ல மனிதர்தான். ஆனால் பேசி முடித்தபோது எனக்கிருந்த கொஞ்சம் தெளிவும் போய்விட்டது.

படகு மூழ்கவில்லை, ஊறுகிறது என்றேன். மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்து, ஊறுவது என்று தங்கள் விதிகளில் எதுவும் இல்லை என்றார். “தண்ணிக்கு அடியில இருந்தா மூழ்கினதுதாம்மா. தானா மூழ்குச்சா, நீங்க மூழ்கடிச்சீங்களா?” என்று கேட்டார். தானாக மூழ்கியிருந்தால் விளக்கம் எழுதி அவகாசம் கேட்கலாமாம். வேண்டுமென்றே மூழ்க வைத்திருந்தால் குற்றமாம், அதுவும் உரிமையாளர் தலையிலாம். உண்மையைச் சொன்னால் குற்றவாளி, பொய் சொன்னால் நிரபராதி. இது என்ன கூத்து?

கடைசியில் அவரே இரக்கப்பட்டு ஒன்று சொன்னார். “படகை விட்டுட்டீங்களா இல்லையான்னு மட்டும் எழுதிக் குடுங்க. விட்டாச்சுன்னா நாங்க உடைச்சு எடுத்துடறோம். விடலைன்னா பொறுப்பு உங்களது. ஒண்ணுமே சொல்லலைன்னா, விட்டுட்டதாத்தான் அர்த்தம்.”

இன்னொன்று. படகு வாங்க வந்த ஆள் என் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினார். சொன்ன தேதிக்கு வந்தாராம், படகு தண்ணீருக்கு அடியில் இருந்ததாம். வாங்க ஆள் வருகிற வாரத்திலா ஊறப்போடுவார்கள்? தினமும் வண்டி வண்டியாக ஆஸ்பத்திரித் துணி ஊறப்போட்டு எடுக்கிறவள் நான். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காவிட்டால் நைந்து போகும். உங்கள் பத்து நாள் எப்போது முடியும்?

தலை சுற்றும்
வக்கீலம்மா


பிப்ரவரி 27

அன்பு வக்கீலம்மாவுக்கு,

வாங்க வருகிறவர் ஒழுகாத படகைப் பார்க்கட்டும் என்றுதான் ஊறப்போட்டேன். அது சத்தியம். ஆனால் அவர் கரையில் வந்து நின்றபோது, கொஞ்ச நாள் கழித்து வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே.

தண்ணீர் வற்றும்போதெல்லாம் தக்கையும் வாளியுமாக இறங்குகிறேன். முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். திரும்பி வந்துவிடுகிறேன். பட்டறையில் எல்லாரும் கேலி செய்கிறார்கள்.

எடுத்த பிறகும் ஒழுகினால் கதை முடிந்தது. கிரேன் வரட்டும், நான் ஒரு பையோடு உன்னிடம் வந்துவிடுவேன். ஒழுகாவிட்டால்? காலையில் ஒழுகட்டும் என்று நினைக்கிறேன், மாலையில் ஒழுகக் கூடாது என்று நினைக்கிறேன். என் மனசு எனக்கே பிடிபடவில்லை.

விட்டாயிற்று என்றோ விடவில்லை என்றோ நீயே எழுதிவிடு. நீ எது எழுதினாலும் கட்டுப்படுகிறேன்.

உன்
கேப்டன்


மார்ச் 6

கேப்டன் அவர்களுக்கு,

நான் எழுதுவதற்குக் கட்டுப்படுவீர்களா? நன்றாக இருக்கிறது. படகும் என் தலையில், நீங்களும் என் தலையிலா? உங்கள் கடிதத்தைச் சலவை அறையில் வைத்துப் படித்து அழுதேன். நீராவியில் எல்லார் முகமும் நனைந்துதான் இருக்கும், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

விட்டாயிற்று என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், அடுத்த வாரம் நீங்கள் இங்கே இருப்பீர்கள். மறைக்கவில்லை, அப்படியே எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். பிறகு யோசித்தேன். படகு உடைந்துபோனதால் வந்த மனுஷன் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உடைத்தவள் இவள்தான் என்று என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பார்வை எனக்கு வேண்டாம். உறையைக் கிழித்துப் போட்டேன்.

வேறு எழுதியிருக்கிறேன். படகு கைவிடப்படவில்லை, பழுது பார்க்கப்படுகிறது, பொறுப்பு என்னுடையது என்று. குமாஸ்தாவிடம் போனிலும் சொல்லிவிட்டேன், இருபதாம் தேதிவரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குள் அதை வெளியே எடுங்கள். ஒழுகினாலும் சரி, ஒழுகாவிட்டாலும் சரி. எடுத்துவிட்டு, வருகிறேன் அல்லது வரவில்லை என்று எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். இத்தனை வருஷமாக இரண்டு நாற்காலியையும் துடைத்துத்தான் வைக்கிறேன். ஒன்றுமே சொல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று குமாஸ்தா சொல்லிவிட்டார்.

வக்கீலம்மா


மார்ச் 19

வக்கீலம்மாவுக்கு,

முந்தாநாள் தூக்கிவிட்டேன். பட்டறையிலிருந்து இரண்டு பேர் கைகொடுத்தார்கள். மூட்டைகளை எடுத்து, தக்கையை அடித்து, வாளி வாளியாக இறைத்தோம். அவர்கள் போன பிறகு நான் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஏறியது, படகும் கூடவே ஏறியது. அடிப்பலகையை ஒவ்வோர் இடுக்காகக் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

சந்தோஷப்பட்டேன். உடனே உன்னை நினைத்துப் பயந்துபோனேன். ஒழுகியிருந்தால் எதுவும் சொல்லாமலே வந்திருப்பேன். இப்போது சொல்லியாக வேண்டும்.

நான் படகை விற்கப்போவதில்லை. வரப்போவதும் இல்லை. அந்த ஜெனரேட்டர் அறை சுத்தமாக இருக்கிறது என்று நீ போனில் ஆசையாகச் சொன்னபோதெல்லாம், அதற்கு ஜன்னல் இருக்கிறதா என்றுதான் நான் யோசித்தேன். கேட்டதில்லை. இங்கே வந்துவிடு என்று உன்னைக் கூப்பிட எனக்கு வாயில்லை. உன் மேல் அன்பு குறைந்ததாக மட்டும் நினைத்துக்கொள்ளாதே. இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அலுவலகத்துக்குப் போனேன். உன்னோடு பேசிய அதே குமாஸ்தா, இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். மிதக்கிற படகுக்குத்தான் பெயர் மாற்ற முடியுமாம். இப்போது மிதக்கிறது. என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன். உன் கையெழுத்து வேண்டும், காகிதம் இதோடு இருக்கிறது.

இன்ஜினியரைக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன்
கேப்டன்


ஏப்ரல் 2

கேப்டன் அவர்களுக்கு,

காகிதம் இத்துடன் இருக்கிறது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி எந்த நோட்டீஸ் வந்தாலும் நேராக உங்களுக்கே வரும்.

உங்கள் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. நாள் முழுக்க உங்களைத் திட்டினேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். இப்போது கோபம் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. சொன்னதற்காக உங்களை மெச்சுகிறேனா, அதுவும் தெரியவில்லை. இன்ஜினியரிடம் சொல்லிவிட்டேன். குழாய்க்கு நானே வாஷர் வாங்கி மாற்றிவிட்டேன், சொட்டுவது நின்றுவிட்டது. அறையில் அமைதி பழக இரண்டு நாள் ஆனது.

பெயர் மாற்றத்துக்கு என்ன காரணம் என்று அந்தக் காகிதத்தில் கேட்டிருந்தார்கள். ‘படகு நல்ல நிலையில் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறேன்.

வக்கீலம்மா