மூடாமல் விட்ட சிடி

மார்ச் 11, 2025

முகூர்த்த நாட்கள். பென்டிரைவில் தருகிறோம் என்றால் யாருக்கும் பிடிப்பதில்லை. கவர் மேல் மாப்பிள்ளை பெண் போட்டோ அச்சடித்த சிடிதான் வேண்டும். பீரோவில் வைத்துப் பூட்ட ஒரு பொருள் வேண்டும். கோர்ட்டு, ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் இன்னும் அதுதான். பி.சி.ஏ. படித்துவிட்டு நான் செஞ்சியில் தனசேகரன் அண்ணன் ஸ்டூடியோவில் சிடி எரித்துக்கொண்டிருக்கிறேன்.

எரிப்பது, அதாவது சிடியில் பதிவது, கோலோ என்ற மென்பொருளில். இலவசம். அதன் நிரல் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். போன மாதம் இரண்டு திருத்தங்கள் அனுப்பினேன். ஒன்று, தமிழ் மெனு. இன்னொன்று, வேகம். வீடியோவை எழுதி முடித்த பிறகும் ‘மூடுகிறேன்’ என்று சொல்லிவிட்டு அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வேலையைத் தாண்டிப் போக ஒரு பட்டன் வைத்தேன்.

இன்று பதில் வந்தது. கோலோவை நடத்துபவர் மிலோஷ், செக் நாட்டுக்காரர். தமிழ் சரி, எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். வேகம் முடியாதாம். “மூடாத வட்டை, அதை எரித்த உன் சிடி டிரைவ் படிக்கும், அடுத்தவன் டிரைவ் படிக்காது. இதே பதிலை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.”

களைத்துவிட்டாராம். கல்யாண வீட்டுக்காரன் கடை வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடிப்பது அவர் காதில் விழுமா?

மார்ச் 14

பிரிந்துவிட்டேன். கோலோவின் நிரல் முழுவதையும் எடுத்து, என் வேகப் பட்டனையும் சேர்த்து, தனி மென்பொருளாக வெளியிட்டுவிட்டேன். பெயர் தணல். இப்படிக் கிளை பிரிக்க உரிமத்திலேயே இடம் இருக்கிறது. யாரும் கேட்க முடியாது.

கோலோவின் முகப்புத் திரையிலும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதியவர்களின் பெயர்கள் இருந்தன. கோலோ என்று வரும் இடத்தையெல்லாம் தணல் என்று மாற்றும்போது அவற்றையும் சேர்த்து மாற்றினேன். ஒரே கட்டளை. எல்லா இடத்திலும் என் பெயர் வந்துவிட்டது. எரிக்கும் ஒவ்வொரு சிடிக்குள்ளும், தயாரித்தவர் என்ற இடத்தில், ‘எழில், செஞ்சி’ என்று தானாக எழுதும்படியும் வைத்திருக்கிறேன்.

ஃபேஸ்புக்கில் போட்டேன்: வெள்ளைக்காரன் வாசலில் நிற்கத் தேவையில்லை, நம் மொழிக்கு நம் மென்பொருள். பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

தனசேகரன் அண்ணன் கேட்டார். “இன்னாடா, நீயே செஞ்சதா?”

“ஆமாண்ணே.”

“அப்ப கடை பேரையும் ஒரு ஓரமா போடு.”

மார்ச் 29

மதுரையில் ஒருவர் தணலைப் பயன்படுத்துகிறாராம். நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 14

எங்கள் காலனி நூலகத்தைத் திறந்தார்கள். அந்த இடத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியது நைனா. திறப்புக் கல்லில் நைனா பெயர் இல்லை. கான்ட்ராக்டர் பெயர் இருக்கிறது, கான்ட்ராக்டர் தம்பி பெயரும் இருக்கிறது. நூலகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவன் அந்தத் தம்பி.

மைக்கைப் பிடுங்கிவிட்டேன். “உழைச்சவன் பேர அழிச்சிட்டு எவன் பேரடா எழுதறீங்க? இது திருட்டு இல்லியா?”

நைனா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “வுடுடா. கல்லுல ராஜாராம்னு இல்லன்னா உள்ள லைட் எரியாதா?”

விட மாட்டேன். எங்களிடமிருந்து முதலில் போவது எப்போதும் பெயர்தான். பிறகுதான் மற்றதெல்லாம்.

ஏப்ரல் 22

மீனம்பாள் அக்கா வந்தார். அனந்தபுரம் பக்கம் ஒரு கிராமம், எங்களுக்குத் தூரத்து உறவு. அவர் மகன் செந்தமிழன் ஊர்த் தெரு வழியாகப் பைக்கில் போனான் என்று நான்கு பேர் அடித்துக் கையை உடைத்திருக்கிறார்கள். அக்கா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் போனில் எடுத்துவிட்டார். படம் ஆடவே இல்லை. மகனை அடிக்கிறார்கள், ஆனால் கை ஆடவில்லை. “ஓடணும்னுதான் காலு துடிச்சிது தம்பி. ஓடுனா எவன் நம்புவான்? அதான் நின்னுட்டேன்.”

இரண்டு சிடி எரித்துக் கொடுத்தேன். ஒன்று போலீஸ் வழியாகக் கோர்ட்டுக்கு, ஒன்று அக்காவுக்கு. எந்த மிஷினில், எந்த மென்பொருளில் எடுத்தது என்று எரித்தவன் ஒரு சான்றிதழ் தர வேண்டும். ‘என்னால் உருவாக்கப்பட்ட தணல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நம் வழக்குக்கு நம் மென்பொருள். அந்த வரியை எழுதும்போது நெஞ்சு நிமிர்ந்தது.

மே 6

மிலோஷ் கடிதம் எழுதியிருக்கிறார். சின்னதுதான்.

“நீ பிரிந்து போகலாம். என்னைவிட நன்றாகச் செய்யலாம். வேகப் பட்டன் தவறு, ஆனால் அது உன் உரிமை. பெயர்களை அழிப்பது உன் உரிமை அல்ல. அங்கே இருந்தது என் பெயர் மட்டும் இல்லை. மென்பொருளை மட்டும் கொடுக்கிறாய், உரிமம் கேட்கும் திருத்திய நிரலை வெளியிடவில்லை. இரண்டையும் சரிசெய்.”

பதில் போட்டேன்: எங்கள் உழைப்பை நூற்றாண்டுக் கணக்காகத் திருடியவர்கள் எங்களுக்கு உரிமம் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். அதை அப்படியே ஃபேஸ்புக்கிலும் போட்டேன். ஒரே கைதட்டல்.

அவர் நாடு யாரை ஆண்டது என்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கவும் இல்லை.

ஜூன் 15

தங்கச்சி மோனிகா லீவுக்கு வந்திருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். கோலோவையும் தணலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ண்ணா, இதுல நீ எழுதனது எது?”

“தமிழ் மெனு. வேகம்.”

“மிச்சம்?”

“அது... ஓப்பன் சோர்ஸ். யாரு வேணா எடுக்கலாம்.”

“எடுக்கலாம். கல்லுல நைனா பேர் இல்லன்னு மைக்க புடுங்கன இல்ல? இதுல அந்தாளு பேர நீ இன்னா பண்ண?”

உனக்கு ஒன்றும் தெரியாது என்று கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மோனிகா லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. மேல்மலையனூர் பஸ் கூட்டத்தில் கடைத்தெருவில் காலே வைக்க முடியவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் போன். சுமலதா மேடம், மீனம்பாள் அக்காவின் வக்கீல். விழுப்புரம் கோர்ட்டில் சிடியைப் போட்டார்களாம். காலி சிடி என்று காட்டுகிறதாம். வேறு கம்ப்யூட்டரிலும் போட்டார்கள், அதிலும் காலி. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “நடக்காத விஷயத்தை எப்படிப் படம் பிடிக்க முடியும்?” என்றாராம். கோர்ட்டில் சிரித்திருக்கிறார்கள்.

அக்காவின் போன் போன மாதம் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துவிட்டது. கடைக் கம்ப்யூட்டரை இடம் போதாமல் வாராவாரம் துடைத்துவிடுகிறோம்.

அந்த வீடியோ வேறு எங்கேயும் இல்லை.

ஜூலை 25

அக்கா தன் சிடியைக் கொண்டுவந்தார், மஞ்சள் பையில், துணியில் சுற்றி. எங்கள் டிரைவில் போட்டேன். தணலில் திறந்தது. செந்தமிழன் கீழே கிடக்கிறான், எல்லாம் தெரிகிறது. அண்ணனின் லேப்டாப்பில் போட்டேன். காலி. எதிர்க் கடையில் கொடுத்துப் பார்த்தேன். காலி.

உன் டிரைவ் படிக்கும். அடுத்தவன் டிரைவ் படிக்காது.

மார்ச் மாதமே சொன்னார். நான் அதை ஒரு வெள்ளைக்காரனின் திமிர் என்று படித்தேன். எரித்த டிரைவிலேயே போட்டுப் பார்த்துவிட்டு வேலை செய்கிறது என்று ஊரெல்லாம் சொன்னேன். கல்யாண சிடிகள் பீரோவுக்குள் பூட்டியே கிடந்ததால் யாரும் வந்து கேட்கவும் இல்லை. என்ன படிப்பு படிச்சேன் நான்?

“இன்னா தம்பி, இருக்குதா?” என்று அக்கா கேட்டார்.

“இருக்குதுக்கா. மிஷின்ல சின்ன கோளாறு.”

மிஷின் மேல் பழியைப் போட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

ஜூலை 26

புதிதாக எரித்துக் கொடுத்தால் கோர்ட் ஏற்காது. கோலோவின் இணையக் குழுவில் கேள்வி எழுதினேன். மூடாத சிடி, ஒரு பெண் எடுத்த படம், வழக்கு சம்பந்தப்பட்டது, கோர்ட்டில் இருக்கும் அதே சிடியை எப்படிப் படிக்க வைப்பது என்று. என் பெயரில் எழுத முடியவில்லை. குரு என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டேன்.

காலையில் அனுப்பினேன், சாயங்காலமே மிலோஷிடமிருந்து பதில். சிடியின் முதல் பகுதியை நகலெடுத்து அனுப்பு என்றார். அனுப்பிவிட்டேன்.

ஜூலை 27

அனுப்பிய பிறகுதான் நினைவு வந்தது, அந்த முதல் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று. தயாரித்தவர்: எழில், செஞ்சி.

பதில் வந்துவிட்டது.

“இதை எரித்தவர் பெயர் உள்ளே இருக்கிறது. அது குரு இல்லை. பரவாயில்லை. இது வழக்கு என்கிறாய், அதனால் கோர்ட்டில் இருக்கும் வட்டில் இனி எதையும் எழுதாதே. இப்போது போய் மூடினால், சாட்சியத்தை மாற்றினாய் என்பார்கள். எரித்த டிரைவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போ. கோலோவில் எழுதாமல், படிக்க மட்டும் செய்யும் வழி கீழே இருக்கிறது. முதலில் நகலில் செய்து பார்.”

கீழே ஒவ்வொரு படியாக எழுதியிருந்தார், அடுத்தவர் வீட்டுக் குழந்தைக்குச் சாலை கடக்கச் சொல்லித் தருவது போல. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வரி திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது எழுதித் தப்பித்திருப்பேன்.

அக்காவிடம் இருந்த சிடியில் செய்து பார்த்தேன். கோலோ படித்தது.

ஜூலை 30

சுமலதா மேடத்தின் ஆபீஸ். எல்லாவற்றையும் சொன்னேன். சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார்.

“‘என்னால் உருவாக்கப்பட்ட’ன்னு எழுதியிருக்கியே. நெசமா?”

“இல்ல மேடம்.”

“இப்படி எழுதச் சொல்லி யாராவது கேட்டாங்களா?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு எழுதன?”

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அவரே சொன்னார். “கோர்ட்ல நீ வந்து டிரைவ மாட்டிக் காட்டணும். காட்டுனா, இந்த வரிய புடிச்சிக்குவாங்க. ஒன்ன பொய்யன்னு நிறுத்திட்டு, வீடியோவும் பொய்தான்னு சொல்லுவாங்க. அத கழுவிவுட எனக்கு வழி தெரியல. உண்மைய சொல்லிரு. சுத்தி வளைக்காத.”

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நானே சொல்ல வேண்டும் என்றார் மேடம். சொன்னேன். மிஷின் கோளாறு இல்லைக்கா, என் கோளாறு.

அக்கா கொஞ்ச நேரம் சிடி இருந்த பையைத் தடவிக்கொண்டிருந்தார். “ஊர்க்காரன் செஞ்சிருந்தா கேட்டுருப்பேன். ஒன்ன இன்னா கேக்கறது.”

ஆகஸ்ட் 20

விழுப்புரம். டிரைவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். நீதிபதி அனுமதி கொடுத்தார். மாட்டினேன். கோலோவைத் திறந்தேன், மிலோஷ் சொன்னபடியே செய்தேன். படம் ஓடியது. அந்த நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால்.

எதிர்த்தரப்பு வக்கீல் சான்றிதழைக் கையில் எடுத்தார். “தணல் என்ற மென்பொருளை உருவாக்கியது நீங்கள்?”

“இல்லை.”

“இதில் இருக்கும் கையெழுத்து?”

“என்னுடையது.”

“அப்படியானால் இந்த வரி பொய்.”

“பொய்.”

“உருவாக்கியது யார்?”

பெயர்களைச் சொன்னேன். மிலோஷ் பெயரைத் தவிர மற்ற பெயர்களை வாயால் சொன்னது அதுதான் முதல் முறை. இரண்டு பெயரைத் தப்பாக உச்சரித்திருப்பேன். சாட்சியத்தை எழுதும் கோர்ட் ஊழியர் நிறுத்தி நிறுத்தி எழுத்துக் கேட்டார்.

“அத்தனை பேர் பெயரையும் அழித்தது?”

“நான்தான்.”

“மென்பொருளில் பெயரை மாற்றத் தெரிந்த உங்களுக்கு, வீடியோவில் ஆளை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?”

மாற்றவில்லை என்றேன். யாருக்கும் கேட்டிருக்காது. சுமலதா மேடம் எழுந்து, சிடியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கட்டும் என்றார். நீதிபதி ஒப்புக்கொண்டார்.

கூண்டிலிருந்து இறங்கும்போது செந்தமிழன் எதிரே நின்றான். இடது கை இன்னும் முழுசாக நீளவில்லை. வழி விட்டு ஒதுங்கினான். எனக்கு அவன் ஒதுங்கினான்.

ஆகஸ்ட் 21

தணலில் எல்லாப் பெயர்களையும் திரும்ப வைத்தேன். ஒரே கட்டளையில் போனவை. திரும்ப வைக்க நாள் முழுக்க ஆனது, கோப்பு கோப்பாக. நிரலை வெளியிட்டேன். தணலை இனி யாரும் பயன்படுத்த வேண்டாம், எரித்ததையெல்லாம் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள் என்று முதல் பக்கத்தில் எழுதினேன். அதையே ஃபேஸ்புக்கிலும் போட்டேன். அதை யாரும் பகிரவில்லை.

ஆகஸ்ட் 22

மிலோஷுக்கு என் பெயரில் எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். பதில் இரண்டே வரி. “பார்த்தேன், சரியாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் படம் ஓடியதா?”

ஓடியது என்று எழுதினேன்.

அக்டோபர் 5

கோலோவின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. தமிழ் மெனுவோடு. பெயர்ப் பட்டியலின் கடைசியில்: எழில், தமிழ். பிப்ரவரியில் நான் அனுப்பியது. சண்டைக்கு முன்பே எடுத்துக்கொண்டாராம், அன்றே பெயரும் ஏறிவிட்டதாம். நான் அவர் பெயரை அழித்துக்கொண்டிருந்தபோது என் பெயர் அங்கே இருந்திருக்கிறது.

மோனிகாவுக்குக் காட்டவில்லை.

ஜனவரி 29, 2026

ஆய்வக அறிக்கை வந்துவிட்டது. வீடியோவில் எந்த மாற்றமும் இல்லை. கோர்ட் அதைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. சுமலதா மேடம் உத்தரவை அனுப்பியிருந்தார். அதில் என்னைப் பற்றியும் இருக்கிறது: ‘இந்தச் சாட்சி நம்பத்தக்கவர் அல்ல. இவருடைய கூற்றைச் சார்ந்து இந்த முடிவு எடுக்கப்படவில்லை.’ சரிதான். படத்தை நம்பினார்கள், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். போதும்தானே?

மத்தியானம் மீனம்பாள் அக்கா கடைக்கு வந்தார். உத்தரவைப் பற்றிப் பேசவில்லை. செந்தமிழனுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறதாம், போட்டோவையெல்லாம் சிடியில் போட வேண்டுமாம். இதற்கு வேறு கடை பார்த்திருக்கலாம். கேட்கவில்லை.

கோலோவில் போட்டேன். எழுதி முடித்து, ‘மூடுகிறேன்’ என்று வந்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. தனசேகரன் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஒக்காரும்மா, நேரமாவும்.”

“இருக்கட்டும்” என்று என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா.

முடிந்ததும் சிடியை எடுத்துக் கவரில் போடப் போனேன்.

“தம்பி, இரு. அண்ணன் பொட்டியிலயும் போட்டுக் காட்டு.”

அண்ணனின் லேப்டாப்பில் போட்டேன். திறந்தது. அக்கா குனிந்து, முதல் போட்டோவிலிருந்து கடைசி போட்டோ வரை பார்த்தார். பிறகுதான் மஞ்சள் பையைத் திறந்தார்.