மதகுக் கல்லின் அடிவரிகள்

என் அக்காவுக்கு,

நீ போய் இருபத்திரண்டு நாளாகிறது. கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். நான் மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். கீழ்க்கட்டளையில் ஒரு மாடி வீடு, தளம் போடுகிற நேரம். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று சித்தி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும். சோறு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுதான் தெரிவதில்லை.

நேற்று மாதர் சங்கத்திலிருந்து உன் சிநேகிதி கன்னியம்மா வந்தாள். ஏரிக்கரையில் அந்தப் பழைய எழுத்து வெட்டிய மதகுக் கல்லுக்குப் பக்கத்திலேயே உனக்கும் ஒரு கல் வைக்கப் போகிறார்களாம். மேடை நான்தான் கட்ட வேண்டுமாம். ஆனால் கல்லில் உன் பேர் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"அதுவே சொல்லிட்டுப் போச்சுப்பா. மதகு கட்னவளே பேரு போட்டுக்கல, எனக்கு இன்னாத்துக்குன்னு ஆஸ்பத்திரியில சொல்லிச்சு."

சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மேஸ்திரிக்கு வேறென்ன பதில் தெரியும்?

அக்கா, உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது.

ரோடு போட வந்தவர்கள் அந்தக் கல்லை உடைத்து ஜல்லியாக்கப் பார்த்தார்களே, அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். சத்துணவுக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, கையில் கரண்டியோடு ஓடிப்போய்க் கல்மேல் உட்கார்ந்துகொண்டாய். அப்புறம் நீயும் சங்கத்துப் பெண்களும் முறைபோட்டுக் காவல் இருந்தீர்கள். தாம்பரத்துக் கல்லூரியிலிருந்து வரலாற்று வாத்தியார் வந்து, குந்தி உட்கார்ந்து, மேல்வரிகளைப் படித்தார். இந்த ஊர்ப் பெண் ஒருத்தி மதகு கட்டிக் கொடுத்தாள் என்று இருக்கிறதாம். பேர் சேற்றில் புதைந்திருக்கிற அடிவரிகளில் இருக்கலாம், அடுத்த வாரம் காகிதமும் மையும் கொண்டுவந்து எழுத்தை ஒற்றிப் படி எடுக்கிறேன் என்று போனார்.

உனக்கு அந்த ஒரு வாரம் பொறுக்கவில்லை. லாரி திரும்ப வந்துவிடும் என்ற பயம். "நட்டு வெச்சிடுடா. எந்தக் கொம்பனும் அசைக்கக் கூடாது" என்றாய். நட்டேன். நிற்கிற கல்லுக்கு மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழக்கம். கயிறு கட்டித் தூக்கியபோது அடியில் ஒட்டியிருந்த சேறு உதிர்ந்தது. எழுத்து இருந்தது அக்கா. கையால் தடவியும் பார்த்தேன். நீ அப்போது ஆட்களுக்கு டீ வாங்கப் போயிருந்தாய். கலவை போட்டாகிவிட்டது, வெயில் ஏறிவிட்டது, கல்லைத் தாங்கிப் பிடித்தவர்கள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கலவை வீணாகிவிடுமே என்று எழுத்தின் மேலேயே கொட்டினேன். அவ்வளவுதான் காரணம். ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

வாத்தியார் சொன்னபடி வந்தார். அடியில் எழுத்து இருந்ததா என்று கேட்டார். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"ஒண்ணும் இல்ல சார், வெறுங்கல்லு" என்றேன்.

நீ வருத்தப்பட்டிருந்தால்கூட அன்றைக்கே உளறியிருப்பேன். நீ சிரித்தாய். "பாத்தியா, இம்மாம் பெரிய வேலையச் செஞ்சிட்டு, பேரு போடாமப் போயிருக்கா" என்றாய். அன்றிலிருந்து அதுவே உன் பேச்சாகிவிட்டது. ஊர்ச் சின்னங்களைப் பற்றிச் சங்கம் எழுதிய நோட்டில் முதல் பக்கமே அதுதான். பள்ளிக்கூட விழாவிலும் அதையே சொன்னாய். கரை சீரமைத்தபோது நோட்டீஸில் யார் பேர் முதலில் என்று சண்டை வந்ததே, அதையும் இந்தக் கதையைச் சொல்லித்தான் அடக்கினாய். நான் ஒவ்வொரு தடவையும் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். சாத்துக்குடி உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? வண்டை வண்டையாகத் திட்டிவிட்டு, உளியை எடுத்துக்கொண்டு போடா என்றிருப்பாய். அது தெரிந்தும் ஏன் வாய் வரவில்லை? எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை தாம்பரம் போய் வாத்தியாரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மெதுவா எடுத்தா எழுத்து கிடைக்கலாம். சிமெண்டோட பேந்துகிட்டும் வரலாம். எதுக்கும் தயாரா இருங்க" என்றார்.

இந்தக் கடிதத்தைச் சங்கத்துப் பலகையில் ஒட்டப் போகிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கன்னியம்மா படித்துச் சொல்வாள். காறித் துப்புகிறவர்கள் துப்பட்டும்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கல்லடியில் உட்காரப் போகிறேன். ஆள் வேண்டாம், சம்மட்டி வேண்டாம். சின்ன உளி போதும், எத்தனை வாரம் ஆனாலும் சரி. உன் கல்லில் உன் பேரை வெட்டுவேன், அக்கா. இந்த ஒரு விஷயத்தில் உன் பேச்சைக் கேட்க மாட்டேன். வேண்டாமென்று நீ சொன்னது என் பொய்யை நம்பித்தானே. அவள் பேர் கிடைத்தால் அதை உன் பேருக்கு மேலே வெட்டுவேன். சிமெண்டோடு பெயர்ந்து போயிருந்தால், அந்த இடத்தில் "இங்கே ஒரு பெண்ணின் பேர் இருந்தது" என்று வெட்டி, அதை மூடியவன் பேரையும் கீழே வெட்டுவேன்.

உன் கூடப்பிறந்த தம்பி,
ஏழுமலை