வயலில் நட்ட குழாய்

2024 டிசம்பர் 9, திங்கள்
மழை இல்லை. குளத்துத் தண்ணீர் வரும் கடைசி வயல் எங்களுடையது. இருபது நாளைக்கு ஒரு முறைதான். போன இரண்டு போகமும் காய்ந்தே போயின. கூடப்பிறந்த மூத்தவர் இஸ்ஹாக் நானா இறால் பண்ணைக்காரரிடம் வயலைக் கொடுக்கப் பேசி வைத்துவிட்டார். "இந்தப் போகம் மட்டும் பாப்பன், ஷிம்லா. வெள்ளாம வெளையாட்டி எறாலுக்குக் கெடங்கு தோண்டுவாங்க."

விவசாயப் போதனாசிரியர் பிரான்சிஸ்கா மிஸ் துளை போட்ட குழாய் ஒன்றை வயலில் நட்டுத் தந்தார். எப்போதும் தண்ணீர் நிற்கத் தேவையில்லையாம். குழாய்க்குள் மட்டம் அரை அடி இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும்.

டிசம்பர் 17
மண் வெடித்திருக்கிறது. ஆனால் குழாய்க்குள் நாலு அங்குல ஆழத்தில் தண்ணீர் தெரிகிறது, பயிரும் பச்சையாகத்தான் நிற்கிறது.

பக்கத்துத் தென்னந்தோட்டத்து முத்தலிபு மாமா வேலியோரம் நின்று பார்த்துத் தலையை ஆட்டினார். விளக்கம் சொல்லப் போகவில்லை. குழாய் நட்டு வெள்ளாமை செய்கிறாளாம் என்று ஊர் சிரித்தது போதும்.

டிசம்பர் 19
உம்மாவுக்கு மூச்சு முட்டல். சிலாபம் ஆஸ்பத்திரியில் வார்டில் மறித்துவிட்டார்கள். நானும் கூடவே.

டிசம்பர் 22
உம்மாவோடு வீட்டுக்கு வந்தேன். வயல் நிறையத் தண்ணீர்! மழையும் பெய்யவில்லை, எங்கள் முறையும் இல்லை. முத்தலிபு மாமா சிரித்துக்கொண்டு வந்தார்.

"வெடிச்சிக் கெடந்திச்சி மகள். நீயும் ஆஸ்பத்திரியில. மனசு கேக்கல்ல. எண்ட மோட்டர வெச்சி ஓடையால எறச்சி உட்டன்."

குனிந்து அள்ளி வாயில் வைத்தேன். உப்பு. முந்தி அது நல்ல தண்ணீர் ஓடைதான். இப்போது பண்ணைகள் உப்புத் தண்ணீரைத் திறந்துவிடுவது அதில். அவருக்குத் தெரியாது, தென்னைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறார்.

"பெரிய உதவி மாமா" என்றேன். அவர் போன பிறகு வரம்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டேன்.

டிசம்பர் 23
மிஸ்ஸுக்குப் போனில் கோல் எடுத்தேன். நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டுமாம், உடனே. குளத்து முறை வர இன்னும் ஏழு நாள். எங்கே போவேன் நான்?

டிசம்பர் 29
இலை நுனியெல்லாம் வெளுத்துப் போச்சி. ஒரு வார்த்த - குழாயப் பத்தி ஒரே ஒரு வார்த்த அந்த மனிசனுக்குச் சொல்லியிருக்கலாமே. என்ன வெக்கம் எனக்கு?

2025 ஜனவரி 4
முறைத் தண்ணீர் வந்து போனது. பிந்திவிட்டது. வயல் முழுதும் வைக்கோல் நிறம்.

ஜனவரி 20
கிடங்கு தோண்டப் பெக்கோ வந்தது. அதற்கு முன்னே போய்க் குழாயைப் பிடுங்கி எடுத்தேன். நானா என் முகத்தைப் பார்க்கவில்லை.

முத்தலிபு மாமா வேலியோரம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நான் தண்ணி உடப் பிந்திட்டன் போல, மகள். ரெண்டு நாள் முந்தி உட்டிருந்தா..."

"ஓம் மாமா" என்றேன். "கொஞ்சம் பிந்திட்டுது."