முன் இருக்கைக்காரி

மார்ச் 3, செவ்வாய்
இன்றும் தெருமுனையில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். மகாராணி ஈரத்தலையோடு ஓடி வந்தாள். "சாரிக்கா, நாளையிலேருந்து பாருங்க!" எந்த நாளையோ. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு உதவிக்கு வந்தவள். ஏறியதும் ஏசியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். பின்னால் ஏறிய எங்கள் கூடத்துக் கணக்கர் உடனே தூங்கிவிட்டார். கொடுத்து வைத்த மனிதர்.

மார்ச் 9, திங்கள்
கணக்கர் விடுப்பு. நாங்கள் இருவர்தான். முகம் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துப் பேசுவதாலோ என்னவோ, காரில் வாய் தன்னால் திறந்துகொள்கிறது. வீட்டில் அவரிடம்கூடச் சொல்லாததைக் கொட்டிவிட்டேன்.
"கை லேசா நடுங்குதுடி. சனிக்கிழமை ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுக்கிறதுக்குள்ள உசிரே போயிடுச்சு."
"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. உங்களுக்குத் தூக்கம் பத்தல" என்று தோளைத் தட்டினாள். மனசு லேசானது.

மார்ச் 11
தைராய்டாம். மாத்திரையில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அப்பாடா.

மார்ச் 13, வெள்ளி
மேலாளர் கூப்பிட்டார். "உங்களுக்குக் கை நடுங்குதாமே? குழந்தைங்க விஷயம், ரிஸ்க் எடுக்க முடியாதும்மா." இனி நான் வரவேற்பு மேஜையில் பெயர் பதிய வேண்டும். என் நாற்காலியில் அவள். தைராய்டு, மாத்திரை எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.
வேறு யாரிடமும் நான் சொல்லவில்லையே. பாவி! தோளைத் தட்டிட்டு நேரா அங்க போய் வத்தி வெச்சிட்டியேடி.

மார்ச் 16, திங்கள்
ஒன்றுமே நடக்காதது போல முனையில் நிற்கிறாள். ஏறினாள், பெல்ட் மாட்டினாள். நான் ஏன் நிறுத்தினேன்? பழக்கதோஷம். கணக்கர் முன்னால் சண்டை போட வெட்கம் வேறு.

ஏப்ரல் 20, திங்கள்
நடுக்கம் போயே போய்விட்டது. டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனேன். மேலாளர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. "இப்ப நல்லாத்தானே போயிட்டிருக்கு, அப்படியே இருக்கட்டும்மா."
நரம்பு தெரியாத குழந்தைகளை எல்லாம் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. அழுகையா, ஆத்திரமா... ரெண்டும்தான்.

ஏப்ரல் 21
கேட்டேவிட்டேன். கணக்கர் இருந்தால் இருக்கட்டும்.
"குழந்தைக்கு ஆபத்துன்னு போய்ச் சொன்னியே, அந்தக் கை ஓட்டுற வண்டியில தினமும் எப்படிடி ஏறின?"
கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னாள்: "பஸ்னா ரெண்டு மாறணும்க்கா."
பின்னால் கணக்கர் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கவும் இல்லை.

ஏப்ரல் 22
முனையில் நிறுத்தவில்லை. கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை.

மே 6, புதன்
உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். மூன்றாவது தடவை, அதன் அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார், பார்க்க முடியாமல். நான் எழுந்தேன். மேலாளர் தன் அறையிலிருந்தே என்னைப் பார்த்தார்.
உட்கார்ந்து அடுத்த பெயரைப் பதிந்தேன். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.